சிறு கணிப்பொறிக்கு எந்த ஹப் வாங்கலாம்?
(உழவர் பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், களை, நீர் என்று பேச வேண்டிய உழவியல் துறையிலிருந்து ஒருவர் வந்து கணிப்பொறிச் சாமான் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையை நீங்கள் அறிவீர்கள். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி நீர் பாய்ச்சுகிறோம். அளவுகோலும் நோட்டும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். ஆனால் தினமும் தவறாமல் அளந்து எழுத எல்லோருக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே சில விவசாயிகள், பெரும்பாலும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் உதவியோடு, நீர்மட்டம், மண் ஈரம், வெப்பநிலை ஆகியவற்றைத் தானாகவே குறித்துக்கொள்ளும் சிறு கணிப்பொறிகளைப் பம்புசெட் கொட்டகையில் வைக்கத் தொடங்கியுள்ளார்கள்.

இவ்வாறு வைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். “நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு சாமானைச் செருகியதும் நின்று நின்று ஓடுகிறது, பதிவு பாதியில் காணாமற் போகிறது” என்கிறார்கள். பயிரில் ஒரு நாள் அளக்காமல் விட்டதை மறுநாள் அளக்க முடியாது. பூக்கும் தருணத்தில் பத்து நாள் பதிவு போய்விட்டால், அந்தப் பருவத்தின் கணக்கே பயனற்றதாகிவிடும். இந்த இழப்புக்குப் பல இடங்களில் காரணமாக இருப்பது மின்சாரப் பற்றாக்குறை. அதனைத் தவிர்க்கும் வழியை இன்று பார்ப்போம்.

சிறு கணிப்பொறி

உள்ளங்கை அளவுள்ள ஒரே அட்டையில் அமைந்த கணிப்பொறியைத்தான் இங்கு சிறு கணிப்பொறி என்கிறேன். இவற்றுள் பலரும் அறிந்தது ‘ராஸ்பெரி பை’. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் மலிவான கணிப்பொறியில் பழக வேண்டும் என்ற நோக்கத்துடன் உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படலாயிற்று. இன்று நான் கூறும் கணக்கு எல்லாம் இதை வைத்தே அமையும். வேறு நிறுவனத்தின் அட்டையை வைத்திருப்பவர்களும் அதன் குறிப்பேட்டைப் பார்த்து இதே முறையில் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்த அட்டையில் சாமான்களைச் செருகுவதற்கு யு.எஸ்.பி. என்னும் வாய்கள் உள்ளன. கடைக்காரர்கள் ‘போர்ட்’ என்பார்கள். மாதிரியைப் பொறுத்து ஒன்று, இரண்டு அல்லது நான்கு போர்ட்டுகள் இருக்கும். அவை போதாதபோது, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சிறு பெட்டியை வாங்குகிறோம். அதுதான் ‘ஹப்’.

ஹப் வாங்கப் புறப்படுமுன் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாச் சாமானும் யு.எஸ்.பி. போர்ட்டுக்கு வருவதில்லை. மண் ஈரம், வெப்பநிலை அளக்கும் சிறு கருவிகளில் பல, அட்டையின் ஓரத்திலுள்ள கம்பி முனைகளில் நேராகவே இணைகின்றன. ராஸ்பெரி பைக்கென்றே செய்த சிறு கேமரா தனக்கென உள்ள பட்டை வயர் வழியே இணைகிறது. பொதுவாகப் போர்ட்டுக்கு வருபவை கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், வெப் கேமரா, சிம் கார்டு போட்டு இணையம் தரும் டாங்கிள், தொலைவிலுள்ள அளவுக் கருவிகளை இணைக்கும் மாற்றி ஆகியவை. இவற்றிலும் கீபோர்டும் மவுஸும் முதன்முதல் அமைக்கும் போதுதான் தேவை. வை-பை வசதியுள்ள அட்டையாக இருந்தால் பிறகு வீட்டுக் கணிப்பொறியிலிருந்தே அதை இயக்கலாம். அவ்வாறு அவ்விரண்டையும் கழற்றிவிட்டால் பல பேருக்கு ஹப்பே தேவைப்படாது. செலவில்லாத வழி இருக்கும்போது முதலில் அதைச் செய்யுங்கள்.

வாய்க்கால் கணக்கு

ஒரு மதகிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. அந்த வாய்க்காலை நான்கு கிளையாக வெட்டுகிறீர்கள். கிளை நான்காகிவிட்டது என்பதால் மதகில் வரும் நீர் நான்கு மடங்கு ஆகுமா? ஆகாது. வந்த நீரைத்தான் நான்கு வயலும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்காரருக்கு நீர் எட்டாது.

யு.எஸ்.பி. போர்ட் இரண்டு வேலைகளைச் செய்கிறது. செய்தியைக் கொண்டு போகிறது. 5 வோல்ட் மின்சாரத்தையும் கொடுக்கிறது. ஹப் செய்தியைப் பிரித்துக் கொடுப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. சிக்கல் வருவது மின்சாரத்தில்தான்.

அடாப்டர் இல்லாத ஹப்பில் ஒரே ஒரு வயர் இருக்கும். அது கணிப்பொறியில் செருகப்படும். கிளை வாய்க்கால் வெட்டியதைப் போல, கணிப்பொறி தரும் மின்சாரத்தையே அது எல்லாச் சாமானுக்கும் பங்கிடுகிறது. கடையில் சாதா ஹப் என்றால் இதைத்தான் தருவார்கள்.

அடாப்டர் உள்ள ஹப்பில், கணிப்பொறிக்குச் செல்லும் வயரைத் தவிர, சுவரிலுள்ள பிளக்கில் செருகும் தனி அடாப்டர் ஒன்றும் இருக்கும். வாய்க்கால் நீரை நம்பாமல் சொந்தக் கிணறு வைத்துக்கொண்டது போல இது. செய்தி கணிப்பொறி வழியே போகும். மின்சாரம் தன் அடாப்டரிலிருந்து வரும். கடையில் ‘பவர்டு ஹப்’ என்று கேளுங்கள்.

யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியர் மின்சாரம் வரை தரலாம். அடாப்டர் இல்லாத ஹப் இந்த 500-ஐப் பெற்றுக்கொண்டு, தன் சொந்தச் செலவுக்கு 100 வரை எடுத்துக்கொள்ளும். மீதி 400. அதை நான்கு போர்ட்டுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 100 மில்லி ஆம்பியர்தான். அடாப்டர் இல்லாத ஹப்புக்கு விதியில் நான்கு போர்ட்டு வரை மட்டுமே இடம் தந்திருப்பதற்கும் இதுவே காரணம். அடாப்டர் உள்ள ஹப்பிலோ ஒவ்வொரு போர்ட்டிலும் 500 கிடைக்க வேண்டும். யு.எஸ்.பி. 3.0 வகையில் ஒரு போர்ட்டின் அளவு 900 மில்லி ஆம்பியர். அங்கும் பங்கீட்டுக் கணக்கு இதுவே.

கடையில் 7 போர்ட், 10 போர்ட் என்று அடாப்டர் இல்லாமலே விற்கும் ஹப்புகளைப் பார்க்கலாம். போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளை அதிகமானால் ஒவ்வொரு கிளைக்கும் கிடைக்கும் பங்கு குறையும், அவ்வளவே.

உங்கள் கணிப்பொறி எவ்வளவு தரும்?

ராஸ்பெரி பையில் எத்தனை போர்ட் இருந்தாலும், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒரு மொத்த வரம்பு உண்டு. அது மாதிரிக்கு மாதிரி மாறும். உங்களிடம் உள்ள அட்டையின் மேல் அச்சிட்டுள்ள பெயரைப் பார்த்துக் கீழ்க்கண்டவற்றுடன் ஒப்பிடுங்கள்.

2012-இல் வந்த முதல் மாதிரியின் ஆரம்பகால அட்டைகளில், போர்ட் ஒன்றுக்குச் சுமார் 140 மில்லி ஆம்பியருக்கு மேல் போகவிடாத காப்பு உருகிகள் இருந்தன. அதில் கீபோர்டு, மவுஸ் தவிர எதைச் செருகுவதென்றாலும் அடாப்டர் உள்ள ஹப் வேண்டியிருந்தது. ராஸ்பெரி பை என்றாலே பவர்டு ஹப் கட்டாயம் என்று சிலர் இன்றும் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சு. எல்லா மாதிரிக்கும் அது பொருந்தாது.

2014-இல் வந்த பி பிளஸ் மாதிரியில் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர். அமைப்பில் ஒரு மாற்றம் செய்தால் 1,200 வரை பெறலாம். 2016-இல் வந்த 3 பி, 2019-இல் வந்த 4 பி ஆகியவற்றில் மொத்தம் 1,200 மில்லி ஆம்பியர். ஆனால் இதற்குத் தக்க அடாப்டர் வேண்டும்: 3 பி-க்கு 2.5 ஆம்பியர், 4 பி-க்கு 3 ஆம்பியர்.

2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதற்குரிய 5 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் போர்ட்டுகளுக்கு மொத்தம் 1,600 மில்லி ஆம்பியர் கிடைக்கும். பழைய 3 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால், கணிப்பொறி அதைக் கண்டுகொண்டு போர்ட்டுகளின் பங்கை 600-ஆகக் குறைத்துவிடும். அதாவது அடாப்டரில் மிச்சம் பிடிக்கப் போய், ஹப்புக்குத் தனியே செலவு செய்ய நேரிடும். இந்த மாதிரியை வைத்திருப்பவர்கள் முதலில் சரியான அடாப்டரை வாங்குங்கள்.

ஜீரோ என்னும் மிகச் சிறிய மாதிரியில், மின்சாரம் ஏற்றும் வாயைத் தவிர, சாமான் செருக ஒரே ஒரு சிறு போர்ட்தான் உண்டு. கீபோர்டும் மவுஸும் ஒருசேர வேண்டுமென்றால் இதற்கு ஹப் தேவை. அந்த இரண்டுக்கு மட்டும் அடாப்டர் இல்லாத ஹப்பே போதும்.

கூட்டிப் பாருங்கள்

உரம் வாங்குமுன் மண் பரிசோதனை செய்வதைப் போல, ஹப் வாங்குமுன் ஒரு கூட்டல் கணக்குப் போடுங்கள். சாமானின் அடியிலோ அட்டைப் பெட்டியிலோ மின்சார அளவு அச்சிட்டிருக்கும். இல்லையெனில், போர்ட்டுக்கும் சாமானுக்கும் இடையே செருகி அளக்கும் சிறு யு.எஸ்.பி. மீட்டர் கிடைக்கிறது, நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அளவே தெரியாதபோது, கணக்குக்காகக் கீழ்க்கண்ட எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: கீபோர்டு 100, மவுஸ் 100, மாற்றி 100, பென்டிரைவ் 200, வெப் கேமரா 500, டாங்கிள் 500, வெளி ஹார்டு டிஸ்க் 900 மில்லி ஆம்பியர்.

இவற்றில் டாங்கிளிடமும் ஹார்டு டிஸ்க்கிடமும் எச்சரிக்கை வேண்டும். சிக்னல் குறைந்த இடத்தில் டாங்கிள் கூடுதல் மின்சாரம் இழுக்கும். நம் வயல்கள் பல அப்படிப்பட்ட இடங்களில்தான் உள்ளன. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில், ஓடும்போது எடுப்பதைவிட அதிகம் கேட்கும். மோட்டார் எடுக்கும்போது விளக்கு மங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள், அதுபோலத்தான். ஆகவே கூட்டுத்தொகை வரம்பில் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு 1,200 என்றால் 900 வரை போகலாம்.

இப்போது இரண்டு கணக்குகளைப் பார்ப்போம். இரண்டுக்கும் 4 பி மாதிரியை வைத்துக்கொள்வோம்.

முதல் விவசாயி நீர்மட்டத்தையும் மண் ஈரத்தையும் இரண்டு மாற்றிகள் வழியே பதிவு செய்கிறார். பென்டிரைவ் ஒன்று, கீபோர்டு, மவுஸ் உண்டு. மொத்தம் ஐந்து சாமான், போர்ட்டோ நான்குதான். கூட்டினால் 100, 100, 200, 100, 100. ஆக 600 மில்லி ஆம்பியர். ஹப்பின் சொந்தச் செலவு 100 சேர்த்தால் 700. வரம்பு 1,200, முக்கால் பங்கு 900. ஆகவே அடாப்டர் இல்லாத ஹப் போதும். கீபோர்டு, மவுஸ், இரண்டு மாற்றிகள் ஆகிய நான்கையும் ஹப்பில் செருகி, பென்டிரைவை நேராகக் கணிப்பொறியில் செருக வேண்டும். ஹப் வழியே போவது 400-உம் அதன் சொந்தச் செலவு 100-உம் சேர்ந்து 500 ஆகிறது; ஒரு போர்ட்டின் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. இவர் அடாப்டர் உள்ள ஹப் வாங்கினால் அது வீண் செலவு.

இரண்டாம் விவசாயிக்குக் கொட்டகையில் வை-பை இல்லை. எனவே டாங்கிள் வைத்திருக்கிறார். மயிலும் பன்றியும் வருவதைப் படம் பிடிக்க வெப் கேமரா ஒன்று. படங்களைச் சேர்த்து வைக்க வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. சாமான் மூன்றுதான், போர்ட் நான்கு இருக்கிறது. பார்வைக்கு ஹப்பே வேண்டாம் போலத் தோன்றும். கூட்டினால் 500, 500, 900. ஆக 1,900 மில்லி ஆம்பியர். வரம்போ 1,200. இவருக்குத்தான் அடாப்டர் உள்ள ஹப் தேவை. டாங்கிளையும் டிஸ்க்கையும் ஹப்பில் செருகிவிட்டால் கணிப்பொறியின் மேல் கேமராவின் 500 மட்டுமே விழும்.

ஐந்து சாமான் வைத்தவருக்குச் சாதா ஹப் போதுமானதாக இருக்கிறது. மூன்று சாமான் வைத்தவருக்குப் பவர்டு ஹப் வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த ஹப் என்பதை மின்சாரக் கூட்டுத்தொகையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். இந்த உரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடாப்டர் உள்ள ஹப் வாங்கும்போது

கிணறு இருந்தால் மட்டும் போதாது; கிணற்றில் ஊற்று இருக்க வேண்டும். முதலாவதாக, ஹப்புடன் வரும் அடாப்டரின் அளவைப் படியுங்கள். நான்கு போர்ட்டும் 500 வீதம் தர வேண்டுமென்றால் 2,000 மில்லி ஆம்பியர், அதாவது 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். ஏழு போர்ட்டுக்கு 3.5 ஆம்பியர் வேண்டும். ஏழு போர்ட் ஹப்புடன் 1 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தால், அது பெயரளவில்தான் பவர்டு ஹப்.

இரண்டாவதாக, அடாப்டரின் மேல் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, அடாப்டரை மாற்றிப் போடாதீர்கள். இணையப் பெட்டி முதலியவற்றுக்கு வரும் 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டர்களின் உருண்டை முனையும் ஹப்பின் முனையும் ஒரே மாதிரி இருக்கக்கூடும். முனை பொருந்துகிறதே என்று 5 வோல்ட் ஹப்பில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் ஹப்பும், அதில் உள்ள சாமான்களும், சில சமயம் கணிப்பொறியும் சேர்ந்து கெட்டுவிடும். ஹப்புக்குரிய அடாப்டரில் வண்ணத் துணி ஒன்றைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

நான்காவதாக, மின்சாரம் பின்னோக்கிப் பாய்கிறதா என்று சோதியுங்கள். மோட்டார் நின்றதும் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்குத் திரும்பாமலிருக்க வால்வு வைக்கிறோம் அல்லவா? நல்ல ஹப்பிலும் அத்தகைய தடுப்பு இருக்கும். மலிவான சிலவற்றில் இருப்பதில்லை. அவற்றில் ஹப்பின் மின்சாரம் இணைப்பு வயர் வழியே திரும்பிக் கணிப்பொறிக்குள் ஏறிவிடும். கணிப்பொறியின் அடாப்டரை நிறுத்தினாலும் அது முழுதும் அணையாமல் அரை உயிரோடு கிடக்கும். மறுபடி சரியாகத் தொடங்காது.

சோதிக்கும் முறை எளிது. கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி, அடாப்டரையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். ஹப்பை அதன் அடாப்டரில் ஓடவிட்டு, இணைப்பு வயரை மட்டும் கணிப்பொறியில் செருகுங்கள். சிவப்பு விளக்கு உள்ள மாதிரிகளில் அந்த விளக்கு எரிந்தால் மின்சாரம் பின்னோக்கி ஏறுகிறது என்று பொருள். அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். ஆகவே கடையில் பில் வாங்க மறவாதீர்கள்.

சிலர், “ஹப்புக்குத்தான் தனி மின்சாரம் இருக்கிறதே, அதன் ஒரு போர்ட்டிலிருந்தே கணிப்பொறியையும் ஓட்டலாமா?” என்று கேட்கிறார்கள். வேண்டாம். 500 மில்லி ஆம்பியர் தரும் போர்ட்டைக் கொண்டு 3 ஆம்பியர் அடாப்டர் கேட்கும் கணிப்பொறியை ஓட்டுவது, வீட்டுக் குழாயைத் திறந்து நாற்றங்காலுக்கு நீர் கட்டுவது போலாகும். அதேபோல, பதிவு நடக்கும் ஹப்பில் செல்போனுக்குச் சார்ஜ் போடுவதையும் தவிருங்கள்.

மின்தடை வந்தால்

அடாப்டர் உள்ள ஹப்பில் ஒரு குறையும் உண்டு. கணிப்பொறியை மட்டும் பேட்டரியில் இணைத்துவிட்டு, ஹப்பின் அடாப்டரைச் சுவர் பிளக்கிலேயே விட்டிருந்தால், மின்தடை வந்ததும் கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும், ஹப் அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஹார்டு டிஸ்க் அறுந்து போனால், அன்றைய பதிவு மட்டுமன்றி அதற்கு முந்தைய பதிவுகளும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. மோட்டார் எடுக்கும்போது ஏற்படும் மின்னழுத்தத் தாழ்விலும் இதே ஆபத்து உண்டு. எனவே கணிப்பொறி, ஹப் ஆகிய இரண்டின் அடாப்டர்களும் ஒரே இன்வெர்ட்டரில் அல்லது ஒரே பேட்டரி அமைப்பில் இருக்க வேண்டும். ஒன்று அங்கும் ஒன்று இங்கும் இருக்கக் கூடாது.

சூரிய மின்தகடும் பேட்டரியும் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் 84 வாட் மணி மின்சாரம் இருக்கும். பேட்டரி நீடித்து உழைக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், அது 42. கணிப்பொறியும் ஹப்பும் சாமான்களும் சேர்ந்து 10 வாட் எடுத்தால் நான்கு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றுவதில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் நேரம் இன்னும் குறையும். ஆகவே சூரிய மின்சாரத்தில் ஓடும் இடங்களில் பெரிய ஹப்பைத் தேடுவதைவிடச் சாமானைக் குறைப்பதே நலம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் பென்டிரைவ் வைத்தால் கணக்கில் 900 இருந்த இடத்தில் 200 ஆகிவிடும். நீர்மட்டமும் ஈரமும் வெறும் எண்கள்தான். ஒரு பருவத்துப் பதிவு முழுவதும் சிறு பென்டிரைவின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

ஹப்பைக் குறை கூறுமுன்

எல்லாத் தொல்லைக்கும் ஹப்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ராஸ்பெரி பைக்கு வரும் 5 வோல்ட் மின்னழுத்தம் சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால், திரையின் மேல் மூலையில் மின்னல் குறி ஒன்று தோன்றும். இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவோ என்று பார்ப்பதுபோல, இந்தக் குறியைக் கண்டால் முதலில் அடாப்டரையும் அதன் வயரையும் பாருங்கள்.

மெல்லிய, நீண்ட செல்போன் வயர்களே பல இடங்களில் குற்றவாளி. வயரின் தடை போக வரக் கால் ஓம் இருந்து, அதில் 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.5 வோல்ட்தான் வந்து சேரும். மண் வாய்க்காலில் நீர் கசிந்து போவது போல இது. குட்டையான, தடித்த வயர் போடுங்கள். அல்லது வயருடன் சேர்ந்தே வரும் அந்தந்த மாதிரிக்குரிய அடாப்டரை வாங்குங்கள். அதன் பிறகும் குறி தோன்றினால், போர்ட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் குறி மறைகிறதோ அதை அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாற்றுங்கள்.

ஹப்பிடம் எதிர்பார்க்கக் கூடாதவை

அடாப்டர் உள்ள ஹப் மின்சாரத்தைக் கூட்டும், வேகத்தைக் கூட்டாது. ஒரு போர்ட்டில் செருகிய ஹப்பிலுள்ள சாமான்கள் எல்லாம் அந்த ஒரு போர்ட்டின் பாதையையே பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு கேமராக்களை ஒரே ஹப்பில் போட்டுப் படம் தடைப்பட்டால், ஒன்றை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

தூரத்தை எட்டுவதற்காகவும் ஹப் வாங்க வேண்டாம். யு.எஸ்.பி. 2.0 வயர் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு ஹப்பில் இன்னொரு ஹப், அதில் மற்றொன்று என்று தொடுத்துக்கொண்டு வயல்வரை போக முயல்வது வீண். தொலைவிலுள்ள கருவிக்கு ஆர்.எஸ்.485 என்னும் முறை இருக்கிறது. அதில் இரு கம்பி வழியே 1,200 மீட்டர் வரை செய்தியைக் கொண்டு வரலாம். கொட்டகையில் மாற்றி ஒன்றை வைத்து அதைப் போர்ட்டில் செருகினால் போதும். கருவிக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டும் தனியாகத் தர வேண்டும்.

எந்த ஹப்பானாலும் பம்புசெட் கொட்டகையில் திறந்து வைக்காதீர்கள். எறும்பும் பல்லியும் தூசியும் ஈரமும் போர்ட்டுக்குள் புகுந்தால் நல்ல ஹப்பும் கெட்டுவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, சூடு வெளியேற அடிப்பக்கத்தில் வலை ஒட்டிய துளை விடுங்கள். செருகாத போர்ட்டுகளை மூடி வையுங்கள்.

சுருக்கமாக

1. கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றை அமைப்பு முடிந்ததும் கழற்றுங்கள். போர்ட் மீதியானால் ஹப் வாங்க வேண்டாம்.

2. ஒவ்வொரு சாமானின் மில்லி ஆம்பியரையும் எழுதிக் கூட்டுங்கள். உங்கள் மாதிரியின் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. கூட்டுத்தொகை வரம்பில் முக்கால் பங்குக்குள் இருந்து, போர்ட் மட்டும் போதவில்லை என்றால் அடாப்டர் இல்லாத ஹப் வாங்குங்கள். அதில் கீபோர்டு, மவுஸ், மாற்றி போன்ற சிறு சாமான்களை மட்டும் செருகுங்கள்.

4. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால், அல்லது ஹார்டு டிஸ்க்கும் டாங்கிளும் சேர்ந்து இருந்தால், அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். போர்ட் ஒன்றுக்கு அரை ஆம்பியர் வீதம் அடாப்டரின் அளவைச் சரி பாருங்கள்.

5. மின்சாரம் பின்னோக்கி ஏறுகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள்.

6. கணிப்பொறியையும் ஹப்பையும் ஒரே இன்வெர்ட்டரில் அல்லது பேட்டரியில் வையுங்கள்.

7. வாரம் ஒருமுறை பதிவுகளை வேறொரு பென்டிரைவில் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தக் கருவி வைத்தாலும் அளவுகோலையும் நோட்டையும் எறிந்துவிடாதீர்கள். வாரம் இருமுறை குழாயில் நீங்களே அளந்து, கணிப்பொறி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கருவியை நம்பலாம்; ஒவ்வாவிட்டால் எங்கோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். மேற்கூறிய முறையில் கணக்குப் பார்த்து ஹப்பைத் தேர்ந்தெடுத்து, பருவம் முழுவதும் விடுபடாத பதிவைப் பெற்று, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு நீர் பாய்ச்சிப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறேன்.